லாரி தட்டுகிறது, டீசல் கரைகிறது

என் அண்ணன் பெங்களூரில் லாரி ஓட்டுகிறார். மாலூரிலிருந்து செங்கல் ஏற்றி வருவார். லாரி சொந்த லாரிதான். ஆனால் பழையது. கடன் போட்டு வாங்கியது. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும்.

முன்பு அந்த லாரியை வைத்திருந்தவர் அதில் சில மாற்றங்கள் செய்திருந்தார். அதிக லோடு ஏற்றுவதற்காகப் பக்கப் பலகைகளை உயர்த்தியிருந்தார். இழுவை கூடட்டும் என்று டீசல் பம்பின் திருகையும் திருப்பி வைத்திருந்தார். பம்ப் விஷயம் அண்ணனுக்குத் தெரியாது.

சில மாதங்களில் எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டத் தொடங்கியது. மேடு ஏறினால் கரும்புகை வந்தது. “பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்” என்று அண்ணன் விட்டுவிட்டார்.

ஒரு மாதம் தவணைக்குப் பணம் போதவில்லை. அண்ணியின் கம்மல் அடகுக்குப் போனது. “வண்டி தினமும் ஓடுகிறது. பணம் மட்டும் எங்கே போகிறது?” என்று அண்ணி கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடினோம். ஒரு நோட்டு வாங்கினோம்.

முதலில் கணக்கு

அண்ணன் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஆனால் கணக்கு எழுதும் பழக்கம் இல்லை. எல்லாம் மனக்கணக்குதான். நான் நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன்.

ஒரு நாள் டேங்க் நிறைய டீசல் போட்டார். மீட்டரில் இருந்த கிலோமீட்டரை எழுதினார். ஐந்து நாள் ஓட்டினார். பிறகு அதே பங்க்கில் மறுபடியும் டேங்கை நிரப்பினார்.

ஓடிய தூரம் 450 கிலோமீட்டர்.
நிரப்பிய டீசல் 150 லிட்டர்.
450 ÷ 150 = 3.

லிட்டருக்கு 3 கிலோமீட்டர்தான் கிடைத்தது. “நாலு வரும் என்று நினைத்தேனே!” என்றார் அண்ணன். மறுநாளே மேஸ்திரியிடம் போனோம்.

எஞ்சின் ஏன் தட்டுகிறது?

டீசல் எஞ்சினை உருவாக்கியவர் ருடால்ஃப் டீசல். ஜெர்மனியில் 1897ஆம் ஆண்டு அதை ஓட்டிக் காட்டினார். டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏறக் காற்று சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் வழியாக டீசல் பனிபோல் பீய்ச்சப்படுகிறது. உடனே தீப்பற்றுகிறது.

நாசில் பழுதானால் டீசல் பனிபோல் வராது. சொட்டுச் சொட்டாக விழும். சொட்டு உடனே பற்றாது. உள்ளே சேர்ந்துவிடும். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் பற்றும். அப்போது பிஸ்டன் மேல் சம்மட்டி அடிபோல் அடி விழும். அந்த ஓசைதான் நமக்குக் கேட்கிறது. டீசல் முன்கூட்டியே பாய்ந்தாலும், அதாவது டைமிங் தவறினாலும், இப்படித் தட்டும். கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனே உடையலாம்.

மேஸ்திரி என்ன செய்தார்?

“மேஸ்திரி, டைமிங்கைக் கொஞ்சம் மாற்றிவிடுங்களேன். சத்தம் நின்றுவிடும்” என்றார் அண்ணன்.

“அவசரப்படாதே தம்பி. நோய் எது என்று தெரியாமல் மருந்து கொடுக்கலாமா?” என்றார் மேஸ்திரி.

முதலில் ஆயில் அளவையும் ஆயில் பிரஷரையும் பார்த்தார். பிரஷர் குறைந்து, ஓசையும் கனமாகக் கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். எங்கள் வண்டியில் பிரஷர் சரியாக இருந்தது.

அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றினார். செங்கல் தூசி அடைத்திருந்தது. காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாது. புகைதான் வரும்.

பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார். ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் சற்றுத் தளர்த்தி, மறுபடி இறுக்கினார். மூன்றாவது நட்டைத் தளர்த்தியதும் தட்டும் ஓசை நின்றது. “கோளாறு இங்கேதான்” என்றார்.

இந்தச் சோதனையை நீங்களே செய்யாதீர்கள். அந்த டீசல் மிகுந்த வேகத்துடன் பீய்ச்சும். தோலைத் துளைத்து உள்ளே போகும்.

நாசில்களையும் பம்பையும் பம்ப் கடைக்குக் கொண்டுபோனோம். பெங்களூருக்கு இது பழகிய தொழில். டீசல் பம்பும் நாசிலும் செய்த மைக்கோ கம்பெனி 1951இல் தொடங்கியது. ஆடுகோடியில் அதன் தொழிற்சாலை இருந்தது. 2008இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது.

கடையில் மூன்றாவது நாசிலைச் சோதித்தார்கள். டீசல் சொட்டியது. அதை மாற்றினார்கள். பம்பை மேடையில் ஏற்றிப் பார்த்தார்கள். தேவைக்கு மேல் டீசல் தள்ளியது. கம்பெனி சொன்ன அளவுக்குக் குறைத்து சீல் வைத்தார்கள். கடைசியில்தான் மேஸ்திரி டைமிங்கைச் சரிபார்த்தார்.

பலகையையும் இறக்கினோம்

“லோடு குறைந்தால் வாடகை குறையுமே” என்று அண்ணன் தயங்கினார்.

“கூடுதல் லோடில் வந்த காசு டீசலுக்கும் டயருக்கும் பட்டைக்கும் போகிறதே தம்பி. பிடிபட்டால் என்ன செய்வாய்?” என்று மேஸ்திரி கேட்டார்.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம் உள்ளது. கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். அண்ணன் யோசித்தார். பலகையை இறக்கச் சொன்னார்.

மறுபடியும் கணக்கு

அதே 450 கிலோமீட்டருக்கு இப்போது 120 லிட்டர் போதும். லிட்டருக்கு 3.75 கிலோமீட்டர். அண்ணன் மாதம் 2,250 கிலோமீட்டர் ஓட்டுகிறார். முன்பு 750 லிட்டர் செலவானது. இப்போது 600 லிட்டர். மிச்சம் 150 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 13,500 ரூபாய்.

நடை வாடகை கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனாலும் தவணை தவறவில்லை. அண்ணியின் கம்மல் வீட்டுக்கு வந்துவிட்டது. நோட்டில் இப்போது அண்ணனே எழுதுகிறார்.

நினைவில் வையுங்கள்

1. டேங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதுங்கள்.
2. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டயர் காற்று மூன்றையும் தவறாமல் பாருங்கள்.
3. மண்ணெண்ணெய் கலந்த டீசல் வேண்டாம். பம்புக்கு டீசல்தான் மசகு. கலப்படம் பம்பைத் தேய்க்கும்.
4. பம்பின் சீலை உடைக்க விடாதீர்கள்.

பயிற்சி

1. எஞ்சின் தட்டுவதற்கு இரண்டு காரணங்களை எழுதுங்கள்.
2. ஒரு லாரி 100 லிட்டரில் 400 கிலோமீட்டர் ஓடியது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?
3. உங்கள் வீட்டில் எந்தச் செலவைக் கணக்கு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்? வகுப்பில் பேசுங்கள்.