கடன் இருந்தால் காக்கி கிடைக்காதா?

காபிக்கும் மிளகுக்கும் விலை இறங்கிய வருடத்தில் அடுக்கம் கிராமத்திலும் சுற்றியுள்ள மலையூர்களிலும் குடும்பம் கடனில்தான் ஓடும். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து போலீஸுக்கும் துணை ராணுவத்துக்கும் தேர்வு எழுதும் பிள்ளைகள் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், வேறெதற்கோ பயப்படுகிறார்கள்.

“வீட்டுல கடன் இருந்தா வெரிஃபிகேஷன்ல தள்ளிருவாங்க.”

தள்ள மாட்டார்கள். கைதானதுண்டா, வழக்கு நடந்ததா, அபராதமோ தண்டனையோ உண்டா, தேர்வு எழுதத் தடை இருந்ததா: மத்திய அரசு வேலைக்கான அட்டஸ்டேஷன் படிவம் துருவிக் கேட்பது இவற்றைத்தான். தோட்டத்துக்கு அப்பா வாங்கிய பயிர்க்கடன் அங்கே பேச்சே இல்லை. வேலையில் சேர்ந்த பிறகு நடத்தை விதிகள் உண்டு. மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் (1964) 17-ஆவது விதி, ஓயாத கடனும் நொடிப்பும் இல்லாமல் ஊழியர் தன் வரவு செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தன் கையை மீறி வந்த கடன் இது, ஊதாரித்தனத்தால் வந்ததல்ல என்று நிரூபிக்கவும் அதே விதி இடம் தருகிறது. ரகசியப் பணிக்கு ஆளெடுக்கும்போது கடனைத் துருவிப் பார்க்கும் அமெரிக்காவிலும், வேலை போனதாலோ நோயாலோ வந்த கடனைத் தனியாகத்தான் எடைபோடுகிறார்கள்.

“கடன் சிவில் விவகாரம், கேஸ் ஆகாது.”

இந்த நம்பிக்கைதான் பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. ஃபைனான்ஸ்காரரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலை பணமில்லாமல் திரும்பினால், அவர் நோட்டீஸ் அனுப்புவார். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் வழக்குப் போடலாம். அது குற்ற வழக்கு; 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உங்கள் பெயரில் அப்படி ஒன்று இருந்தால் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். சமரசமாக முடித்துக்கொள்ளவும் சட்டம் வழி தருகிறது. முடித்திருந்தால் நீதிமன்ற உத்தரவின் நகலை இணையுங்கள்.

“சின்ன கேஸ்தானே, எழுதாம விட்டா யாருக்குத் தெரியும்?”

விசாரணை உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கே வரும். இப்படி மறைப்பது பற்றிய அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் வழி வகுத்துக் கொடுத்தது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் அதிகாரி மன்னிக்கலாம். பெரிய வழக்கை மறைத்தால் நியமனத்தை ரத்து செய்யலாம். உண்மையை எழுதினாலும் உங்கள் பின்னணியை ஆராயும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் படிவம் கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. வழக்கை மறைத்ததாகப் பயிற்சியிலேயே நீக்கப்பட்ட ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவரை மீண்டும் சேர்க்கும்படி அதே நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது உண்மைதான், ஆனால் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் கிடைத்தது. மலையிலிருந்து ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் அலைய வேண்டுமா?

“பாக்கியைக் கட்டிட்டா பேங்க் வேலைக்குப் பிரச்சினை இல்லை.”

வங்கி வேலையில் கணக்கே வேறு. ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக 2021-இல் நியமனம் பெற்ற ஒருவரின் ஆணை, சிபில் கடன் அறிக்கை மோசம் என்று ரத்தானது. எல்லாவற்றையும் கட்டிவிட்டேன் என்றார். அறிவிப்பிலேயே நிபந்தனை இருந்ததைக் காட்டி, சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் வங்கியின் பக்கம் நின்றது. கல்விக் கடன் பிள்ளையின் பெயரிலேயே இருப்பதால் தவணை தவறினால் அந்தப் பதிவு பிள்ளையின் பெயரிலும் விழும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. விண்ணப்பிக்கும் முன்பே அதை வாங்கிப் பாருங்கள். தவறான பதிவு இருந்தால் அந்த நிறுவனத்திடமே திருத்தக் கேட்கலாம்.