காகிதக் கூம்பும் பங்கு முதலும்

பஞ்சாலைக்காரர் "கோன்" என்று வழங்கும் காகிதக் கூம்பு, நூல் தீர்ந்தவுடன் மூலையில் எறியப்படும் எளிய பொருள். அத்தகைய கூம்பினைச் செய்து விற்றே ஒரு கம்பெனி உலகறிந்த பெருநிறுவனமாக வளர்ந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் கரோலினா மாகாணத்தில், ஹார்ட்ஸ்வில் என்னும் சிற்றூரில் தோன்றிய சோனாக்கோவே அது. அதன் பங்குகளில் முதலிடக் கருதுவோன் எதனை ஆராய்தல் வேண்டும் என்பதை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

மேஜர் ஜேம்ஸ் லைடு கோக்கர் என்பார் அந்நாட்டு உள்நாட்டுப் போரிற் காயமுற்றுத் திரும்பியவர். அவரும் அவர்தம் மூத்த மகனாரும் பைன் மரத்திலிருந்து காகிதக் கூழ் ஆக்க முயன்று, பின்னர்க் காகிதமே செய்யலாயினர். 1899-இல் நூற்கூம்பு செய்தற்கென்றே "சதர்ன் நாவல்டி கம்பெனி"யை நிறுவினர். அப்பெயரின் முதலெழுத்தொலிகளைக் கூட்டியே 1923-இல் சோனாக்கோ என்னும் பெயர் வந்தது. மேஜர் கோக்கர் 1908-இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியும் கண்டவர் என்பது நம்மனோர்க்கு இனிக்கும் செய்தி.

இனித் தொழிலைப் பார்ப்போம். பழைய அட்டைப் பெட்டிகளை நீரிலிட்டுக் கூழாக்கி, முரட்டு அட்டையாக்கி, அதனை நாடாக்களாக நறுக்கிப் பசை தடவித் திருகுசுற்றாகச் சுற்றினால் குழல் உண்டாகும். நூலும், அச்சுக் காகிதமும், பிளாஸ்டிக் படலமும் அக்குழல்களின் மீதே சுற்றப்படுகின்றன. ஆதலின் ஆலைகள் ஓடினால் குழல் விற்கும். ஆலைகள் நின்றால் குழலும் நிற்கும். குழலின் விலைக்கும் குப்பைக் காகிதத்தின் விலைக்கும் உள்ள இடைவெளியே இலாபத்தின் ஊற்று. 2018-இல் சீனம் குப்பைக் காகித இறக்குமதியை இறுக்கவே, அதன்பின் அமெரிக்காவிற் பழைய பெட்டிகளின் விலை வீழ்ந்தது. 2021-இல் மீண்டும் ஏறிற்று. குழலின் விலையோ, ஒப்பந்தப்படி, சில திங்கள் பின்தங்கியே இவ்வேற்றத்தாழ்வைப் பின்தொடரும். எனவே குப்பை மலிந்த காலாண்டின் மிகுந்த இலாபத்தை நிருவாகத்தின் திறமை என்று மயங்கலாகாது. ஏறும் காலத்து நட்டத்தை அவர்தம் குற்றம் என்று சாடுவதும் நேரன்று.

இக்கம்பெனியின் பெரும்புகழ், 1925 முதல் ஆண்டுதோறும் பங்குதாரர்க்கு இலாபப் பங்கீடு தவறாது அளித்து வருவதாம். ஓய்வு பெற்ற ஆசிரியரும் கைம்பெண்டிரும் இத்தகைய பங்குகளை விரும்புதற்குக் காரணம் இதுவே. ஆயினும் நூறாண்டு வழக்கம் நாளைய வருமானத்திற்குப் பிணையன்று. 2022-இல் பால் மெட்டல்பேக் என்னும் தகர டப்பிக் கம்பெனியை 135 கோடி டாலருக்கும், 2024 டிசம்பரில் எவியோசிஸ் என்னும் ஐரோப்பிய டப்பிக் கம்பெனியைச் சற்றேறக்குறைய 390 கோடி டாலருக்கும் சோனாக்கோ வாங்கிற்று. கடன் சுமை பெருகவே, பிளாஸ்டிக் முதலிய பொதிகலப் பிரிவொன்றை ஜப்பானிய டொப்பான் கம்பெனிக்குச் சுமார் 180 கோடி டாலருக்கு விற்று, 2025-இல் அத்தொகையைக் கொண்டு கடனைக் குறைத்தது. கோபுரம் கட்ட எண்ணுவோன் முன்னர் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவர் உரைத்த உவமை, பிறர் கட்டிய கோபுரத்தை விலைக்கு வாங்குவோனுக்கும் பொருந்தும் போலும்!

வட்டி பங்குதாரனுக்கு முன் நிற்கும். ஒரு கம்பெனிக்கு வட்டி செலுத்தியபின் ஆண்டிற்கு 100 ரூபாய் ரொக்கம் எஞ்சுவதாகக் கொள்வோம். இயந்திரப் புதுப்பிப்பிற்கு 45, பங்கீட்டிற்கு 35 போக, எஞ்சுவது 20. இந்த 20-லிருந்தே கடனின் முதல் அடைபட வேண்டும். வரவு 75 ஆகக் குறையுமேல் 5 ரூபாய் துண்டு விழும். அதனை மீண்டும் கடன் கொண்டே நிரப்ப நேரும். இலாபக் கணக்கில் இது விளங்காது. ரொக்க வரவு செலவு அறிக்கையிலேதான் விளங்கும். பலர் முன்னதை மட்டும் படித்து ஏட்டை மூடிவிடுகின்றனர்.

எம் கருத்தில், காகிதத் தொழிலின் நிலைபேற்றை நம்பி இப்பங்கினை வாங்குவோன் ஒன்றை மறத்தலாகாது: அவன் இன்று வாங்குவது குழலொடு தகர டப்பியையும் சேர்த்தே. கம்பெனியின் ஆண்டறிக்கை நுகர்வோர் பொதிகலம், தொழில்துறைக் காகிதம் என இரண்டையும் தனித்தனியே காட்டுகிறது. அது யாவரும் படிக்கக் கிடைப்பதே. அதனைத் திறப்போர், பங்கீட்டு வரலாறு கூறும் பக்கத்தை விடுத்து, எவ்வாண்டில் எத்துணைக் கடன் தவணை வருகிறது என்னும் அட்டவணையை முதலிற் பார்த்தல் நன்று.