பெயர்ப் பலகையை மாற்றுமுன்...

நாலந்தாவிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே போனால், நாவுலையைத் தாண்டித் தம்புள்ளை வரும். எங்கள் பக்கத்துப் பொடியன்மாருக்கு கிரிக்கெட் என்றால் தம்புள்ளை அணிதான். சென்ற வாரம் கடைக்கு வந்த ஒருவனிடம், "நம்ம டீமின்ட பெயரென்ன தம்பி?" என்று கேட்டேன். "எந்த வருஷத்துப் பெயரக் கேக்குறீங்க மாமா?" என்று சிரித்தான்.

அவன் சிரித்ததில் வியாபாரிகளாகிய எமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

லங்கா பிரீமியர் லீக் 2020 இல் ஐந்து அணிகளுடன் ஆரம்பமானது. அப்போது எங்கள் அணியின் பெயர் தம்புள்ளை வைக்கிங். 2021 இல் ஜயன்ட்ஸ். 2022, 2023 இல் ஓரா. 2024 இல் தண்டர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அவ்வாண்டு மே மாதம் அதன் உரிமையாளர் ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் கைதானார். ஒப்பந்தம் ரத்தானது. புதிய உரிமையாளர் வந்து, ஜூலையில் போட்டி தொடங்குமுன் பெயர் சிக்ஸர்ஸ் ஆனது. ஐந்து பருவத்தில் ஐந்து பெயர்! 2023 இல் இறுதிப் போட்டி வரை போயும் கண்டி அணியிடம் தோற்றார்கள். அந்த ஐந்து பருவத்திலும் கிண்ணம் கிடைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வைக்கிங், ஓரா என்பன உரிமையாளர்களின் நிறுவனப் பெயர்கள். உரிமையாளர் போனதும் அவையும் போய்விட்டன. ஐந்து தடவையும் போகாமல் நின்றது 'தம்புள்ளை' என்ற ஊர்ப் பெயர் மட்டுமே.

யாழ்ப்பாண அணியும் பெயர் மாற்றியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2020 இல் ஸ்டாலியன்ஸ் என்றிருந்தது, கைமாறியதும் 2021 இல் கிங்ஸ் ஆனது. ஆனால் 2020 முதல் 2022 வரை தலைவர் திசர பெரேராதான். மூன்று கிண்ணமும் அவர் தலைமையில் வந்தவை. பலகை மாறியது, ஆள் மாறவில்லை. சென்னை சூப்பர் கிங்ஸைப் பாருங்கள். 2016, 2017 இரண்டு வருடம் தடை. 2018 இல் அதே பெயருடன், அதே தோனியின் தலைமையில் வந்து கிண்ணத்தையும் வென்றார்கள்.

இதை நான் சொந்தக் காசைக் கொடுத்துப் படித்தவன். 1999 இல் ஒரு ஹாஜியாரிடமிருந்து மிளகு, கராம்பு வாங்கும் கடையொன்றை எடுத்தேன். கட்டடத்துக்கும் சரக்குக்கும் விலை பேசினோம். பெயருக்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை, லாபம் என்று நினைத்தேன். "போர்ட மட்டும் மாத்தாதீங்க தம்பி" என்றார். நான் கேட்கவில்லை. என் பெயரில் புதுப் பலகை போட்டேன். சம்பளம் மிச்சம் என்று, தராசில் நின்ற பழைய ஆளையும் அனுப்பிவிட்டேன்.

அறுவடை வந்தது. வழமையாக வரும் விவசாயிகள் மூட்டையுடன் பஸ்ஸிலேயே என் கடையைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் நம்பியிருந்தது அந்தப் பெயரையும் அந்தத் தராசையும்தான். இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டேன். இரண்டு அறுவடை நட்டம். கடைசியில் தராசுக்காரரின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன். பழைய பெயரையும் திரும்ப எழுதினேன். ஆட்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள்.

கடை வாங்குவோர் மனதில் கொள்ள வேண்டியவை:

1. நன்மதிப்பும் சொத்துத்தான். அதற்கும் விலை பேசி, பெயரைப் பாவிக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. பெயரையும் ஆட்களையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒன்று மாறினால் மற்றது நிற்கட்டும்.

3. முன்னவர் பெயரைக் கெடுத்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். 2024 இல் தண்டர்ஸ் என்ற பெயரைக் கைவிட்டது சரியே. வீண் பெருமைக்காக மாற்றுவதுதான் பிழை.

4. பழைய பெயரில் கடன் நிலுவை உண்டா என்று வாங்குமுன் விசாரியுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள வியாபாரப் பெயர்ப் பதிவையும் உரியபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது என் மகன், "பழைய பெயர் வேணாம் வாப்பா, புதுசா வைப்போம்" என்கிறான். "பத்து விவசாயிகளிடம், ஏன் எங்கட கடைக்கு வாறீங்க என்று கேட்டுட்டு வா, பிறகு பேசுவோம்" என்று சொல்லியிருக்கிறேன். நேற்று வரை நாலு பேரிடம் கேட்டிருக்கிறான். பெயின்ற் வாங்கும் பேச்சு இப்போது இல்லை.