'மூளையில் என்ன குறைச்சல்?' என்று கேட்டால்

அன்புள்ள தம்பிக்கு,

அத்திப்பட்டில் கிளினிக் திறந்ததில் ரொம்ப சந்தோஷம். கவனக்குறைவோடு வரும் பெரியவர்கள், "என் மூளையில என்னதான் குறைச்சல் டாக்டர்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று எழுதியிருந்தாய்.

'டோபமைன் கம்மி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. 2009இல் ஆய்வாளர் நோரா வோல்கோவ் குழுவினர், ஏடிஎச்டி என்கிற கவனக்குறைவுக் கோளாறு இருந்தும் அதுவரை மருந்தே எடுக்காத 53 பெரியவர்களையும் அந்தக் கோளாறு இல்லாத 44 பேரையும் பெட் ஸ்கேனில் ஒப்பிட்டார்கள். கோளாறு உள்ளவர்களுக்கு, ஊக்கம் பிறக்கும் பகுதிகளில் டோபமைன் ஏற்பிகளும் அதைத் திரும்ப உள்ளிழுக்கும் கடத்திகளும் குறைவாகத் தெரிந்தன. சலிப்பான வேலையில் உட்கார முடியாதவரைச் சோம்பேறி என்று திட்டும் வீட்டாரிடம் இதைத் தைரியமாகச் சொல். ஆனால் அது சராசரிக் கணக்கு. எதிரே இருப்பவருக்கு இந்தக் கோளாறு உண்டா என்று உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றும் கிடையாது. மாத்திரை கேட்டுவிட்டது என்பதும் சான்றாகாது; மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை, கோளாறு இல்லாதவருக்கும் விழிப்பைக் கூட்டும்.

உன் பக்கத்துத் துறைமுகத்தில் ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவருக்கும், ராத்திரியில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கும் தூக்கமின்மையே கவனத்தைக் கெடுத்துவிடும். அதனால் 12 வயதுக்கு முன்பே இந்தக் கவனக்குறைவு இருந்ததா என்று தோண்டிக் கேள். அம்மாவைக் கூட்டிவரச் சொல். பழைய ரேங்க் கார்டில் 'நன்றாகப் படிப்பான், ஓரிடத்தில் உட்கார மாட்டான்' என்று டீச்சர் எழுதிய ஒரு வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பெண்கள் பலருக்கு அந்த வரி இருக்காது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்த பிள்ளையைப் பற்றி யார் எழுதிவைத்தார்கள்?

அங்கே அனல்மின் நிலையச் சாம்பலைப் பார்த்துப் பழியெல்லாம் அதன்மேல் போடத் தோன்றும். அவசரப்படாதே. ஆனால் ஈயத்தை மறந்துவிடாதே. சென்னையில் 3 முதல் 7 வயதுவரையான 756 குழந்தைகளிடம் நடந்த ஆய்வும் அதே 2009இல்தான் வந்தது. ரத்தத்தில் ஈயம் கூடக்கூட, ஆசிரியர்கள் போட்ட ஏடிஎச்டி மதிப்பெண்ணும் கூடியிருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல். அந்தத் தலைமுறைதான் உன்னிடம் வரப்போகிறது. இன்று ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் அன்றைய அளவு தெரியாது. ரத்தத்தில் உள்ள ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகிவிடும். வாயால்தான் கேட்க வேண்டும்: வீட்டுப் பக்கம் பழைய பேட்டரி உடைத்தார்களா? அப்பா என்ன வேலை பார்த்தார்?

நாடியும் பிரஷரும் பார்க்காமல் மெத்தில்ஃபெனிடேட் எழுதாதே. அது அட்டவணை எக்ஸ் மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். தனி லைசென்ஸ் உள்ள கடையில்தான் கிடைக்கும். எங்கே என்று நீயே முதலில் விசாரித்துவை. நாலு கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் சந்தேகமாக ஒரு பார்வையும் வாங்கிக்கொண்டவர் மறுபடி உன்னிடம் வர மாட்டார். அதற்குப் பதிலாக அட்டமாக்ஸெடின் கொடுத்தால், அது நார்அட்ரினலின் வழியாக மெதுவாக வேலை செய்வது, பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடு. பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. ஒரு போன் போட்டுக் கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்