காட்டூருக்குத் தீயணைப்பு வண்டி எத்தனை நிமிடத்தில் வரும்?

திருச்சியின் அடுத்த 20 ஆண்டுத் தீயணைப்புத் திட்டத்துக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தீயணைப்பு வண்டி எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது 101-ஐ அழைக்கும் நேரத்தில் முடிவாவதில்லை. நிலையத்துக்கு எங்கே இடம் ஒதுக்கினார்கள், தெருவுக்கு எத்தனை அடி விட்டார்கள், காலிப் பணியிடத்தை எப்போது நிரப்பினார்கள் என்பதையெல்லாம் பொறுத்துப் பத்தாண்டுக்கு முன்பே அது முடிவாகிவிடுகிறது.

முன்கூட்டித் திட்டமிடாததற்கு நம் பகுதி கொடுத்த விலை பெரிது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டு, மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளை இழந்தோம். இரண்டு இடத்திலும் கீற்றும் குறுகிய படிக்கட்டும் சேர்ந்து, மக்கள் தப்புவதற்கு நேரமே கொடுக்கவில்லை.

திருச்சி–தஞ்சாவூர் சாலையில் அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையில் இருக்கும் காட்டூரில் வீடுகள் நெருங்கிவிட்டன. ஆனால் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. அரசியலமைப்பின் 12-வது அட்டவணை தீயணைப்பை நகராட்சிப் பணிகளில் ஒன்றாகச் சொன்னாலும், தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை. வண்டியும் ஆளும் தீயணைப்புத் துறையிடம், தெருவும் தண்ணீரும் மாநகராட்சியிடம், பெரிய சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் இருக்கின்றன. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே திட்டம் போட வேண்டும். அந்த மேசைக்காகத்தான் இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

1. வண்டியை எண்ணும் முன் நிமிடத்தை எண்ணுங்கள். நகரத்தில் ஐந்து முதல் ஏழு நிமிடம், கிராமத்தில் 20 நிமிடம் என்பது மத்திய அரசின் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த எல்லை. ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக் சாமானும் நிறைந்த இன்றைய அறை ஐந்து நிமிடத்துக்குள்ளேயே முழுக்கப் பற்றிக்கொள்ளலாம். நவல்பட்டு நிலையத்திலிருந்தோ கண்டோன்மென்ட் நிலையத்திலிருந்தோ காட்டூரின் உள்தெருவுக்கு மாலை ஆறு மணிக்கு ஒரு வண்டியை ஓட்டிப் பாருங்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களிலிருந்து திட்டம் தொடங்கட்டும்.

2. நிலத்தை இப்போதே எடுத்து வையுங்கள். வண்டியை இரண்டு ஆண்டில் வாங்கிவிடலாம். பெரிய சாலையை ஒட்டி, வண்டி தடையின்றி இரண்டு பக்கமும் திரும்பக்கூடிய இடம் பின்னாளில் எந்த விலைக்கும் கிடைக்காது. பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்துவிட்டது. விமான நிலையமும் விரிந்திருக்கிறது. நகரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே நிலையத்துக்கான இடத்தையும் வரைபடத்தில் குறித்துவிட வேண்டும்.

3. வண்டிகளுக்கு 15 ஆண்டு அட்டவணை போடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டைத் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஒரே ஆண்டில் பத்து வண்டி வாங்கினால், பத்தும் ஒரே ஆண்டில் ஓய்வு பெறும். ஆண்டுக்கு ஒன்றிரண்டாக வாங்கினால் நிலையத்தில் எப்போதும் புதியதும் நடுத்தர வயதுமான வண்டிகள் கலந்திருக்கும், செலவும் சீராகப் பரவும். எத்தனை வேண்டும் என்பதற்கும் அதே தீயணைப்பு ஆலோசனைக் குழுவின் கணக்கு இருக்கிறது. மூன்று லட்சம் மக்கள்வரை 50,000 பேருக்கு ஒரு பம்பு வண்டி, அதற்கு மேல் லட்சத்துக்கு ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சியில் சுமார் ஒன்பது லட்சம் பேர். ஆறும் ஆறும் சேர்த்துப் பன்னிரண்டு வண்டி வேண்டும். அது 15 ஆண்டுக்கு முந்தைய தேவை. அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் மறுபடி போட வேண்டும்.

4. ஒரு இருக்கைக்கு எத்தனை ஆள் என்று கணக்கிடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் வேலை செய்தால், வண்டியின் ஒரு இருக்கையை வாரம் முழுக்க நிரப்ப மூன்றரை பேர் வேண்டும். ஓட்டுநரும் முன்னணித் தீயணைப்போரும் உட்பட ஆறு பேர் ஏறும் வண்டிக்கு 21 பேர். விடுப்பு, பயிற்சி, உடல்நலக் குறைவு, திருவிழாப் பணி எல்லாம் இதற்கு மேல். அடுத்த பத்தாண்டில் யார் யார் எப்போது ஓய்வு பெறுகிறார்கள் என்பது பணிப்பதிவேட்டிலேயே இருக்கிறது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆளெடுத்து, பயிற்சி முடிந்து, அவர்கள் நிலையத்துக்கு வந்து சேரும்வரை ஆகும் காலத்தையும் சேர்த்து முன்கூட்டியே கேட்க வேண்டும்.

5. தண்ணீருக்கு வரைபடம் வேண்டும். 4,500 லிட்டர் கொண்ட வண்டியிலிருந்து நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் ஒரே குழாயில் அடித்தாலும் பத்து நிமிடத்தில் தொட்டி காலி. காவிரிக் கரையில் இருக்கும் ஊரில் தண்ணீருக்காக வண்டி திரும்பி ஓடக்கூடாது. எந்த மேல்நிலைத் தொட்டியில் நிரப்பலாம், சாவி யாரிடம், உய்யக்கொண்டான் வாய்க்காலில் பம்பை இறக்க எங்கே படி இருக்கிறது, கோடையில் அங்கே தண்ணீர் நிற்குமா என்பதெல்லாம் ஒவ்வொரு வண்டியிலும் தாளாக இருக்க வேண்டும்.

6. ஸ்ரீரங்கத்தைத் தீவாகவே நினைத்துத் திட்டமிடுங்கள். 2022–23 வாக்கில் பழுதுபார்க்கக் காவிரிப் பாலத்தை மூடியபோது போக்குவரத்து சுற்றிப் போனது நினைவிருக்கும். வைகுண்ட ஏகாதசி அன்று பாலம் திறந்திருந்தாலும் வண்டி எளிதில் போக முடியாது. அக்கரையிலிருந்து உதவி வராது என்று வைத்துக்கொண்டே அங்கே ஆளையும் மீட்புப் படகையும் தண்ணீரையும் நிறுத்த வேண்டும்.

7. பெரிய தொழிற்சாலைகளோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். பெல், துப்பாக்கித் தொழிற்சாலை போன்ற வளாகங்களின் தீயணைப்புப் பிரிவுகள் எப்போது வெளியே வரலாம், யார் உத்தரவு கொடுப்பது, குழாய் இணைப்பு நம் வண்டிக்குப் பொருந்துமா என்பதை முன்பே முடிவு செய்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது சேர்ந்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

1. உயர ஏணியை முதலில் வாங்காதீர்கள். ஸ்கை லிஃப்ட் நிறுத்த அகலமான, உறுதியான தரை வேண்டும். 18.3 மீட்டருக்கு மேல் போனால்தான் தமிழ்நாட்டு விதிப்படி அது உயரமான கட்டடம். காட்டூரில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு மாடி வீடுகள். பெரிய கடைவீதியிலும் என்.எஸ்.பி. சாலையிலும் நெரிசல்தான் எதிரி. சந்துக்குள் நுழையும் சிறிய வண்டி, புகைக்குள் போக ஆளுக்கொரு சுவாசக் கருவி, அதன் சிலிண்டரை நிரப்பும் இயந்திரம் இவை முதலில் வரட்டும். உயரக் கட்டடங்கள் பெருகும் வேகத்துக்கு ஏற்ப ஏணி வரட்டும்.

2. தீ அழைப்புகளை மட்டும் எண்ணி ஆளைக் குறைக்காதீர்கள். கிணற்றில் விழுந்தவர், வீட்டுக்குள் வந்த பாம்பு, ஆற்றுச் சுழலில் சிக்கியவர், சாலை விபத்தில் நசுங்கிய கார் என்று எல்லாவற்றுக்கும் இந்த வீரர்கள்தான் போகிறார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்தபோது நான்கு நாள் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. மீட்பும் இத்துறையின் பெயரிலேயே இருக்கிறது. அதற்கான கருவியும் பயிற்சியும் பட்ஜெட்டில் தனி வரியாக வர வேண்டும்.

3. ஒரு பெரிய தீக்காக மற்ற பகுதிகளை வெறுமையாக விடாதீர்கள். அரியமங்கலம் குப்பைக் கிடங்கு பலமுறை பற்றி, நாள் கணக்கில் புகைந்திருக்கிறது. வண்டிகள் அங்கே கட்டுண்டு கிடக்கும் நேரத்தில் காட்டூரில் ஒரு சிலிண்டர் வெடித்தால் யார் வருவது? எந்த நிலையத்து வண்டி முன்னேறி வந்து காலி இடத்தில் நிற்கும் என்பதைத் தீப்பற்றும் முன்பே எழுதி வைக்க வேண்டும். குப்பையைத் தரம் பிரித்துக் குறைப்பதும் தீயணைப்புத் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

4. சராசரியைக் காட்டித் திருப்திப்படாதீர்கள். ஐந்து அழைப்புக்கு மூன்று நிமிடத்திலும் ஐந்து அழைப்புக்குப் பதினைந்து நிமிடத்திலும் போனால் சராசரி ஒன்பது. அந்த ஒன்பது நிமிடத்தை எந்த வீடும் அனுபவிக்கவில்லை. பத்தில் ஒன்பது அழைப்புக்கு எத்தனை நிமிடத்துக்குள் போனோம் என்று வார்டு வாரியாக வெளியிட வேண்டும்.

5. ஒருமுறை வரும் பணத்தைத் தொடர்செலவாக எண்ணாதீர்கள். தீயணைப்புத் துறைகளை விரிவாக்கி நவீனமாக்க மத்திய அரசு 2023-ல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் தம் பங்காக 25 சதவீதம் போட வேண்டும். நிலையம் கட்டவும் கருவி வாங்கவும் பயிற்சி கொடுக்கவும் அது உதவும். கட்டிய நிலையத்தில் இருபது ஆண்டு ஆளை வைத்து, டயரும் டீசலும் குழாயும் மாற்றுவது மாநிலப் பட்ஜெட்டின் கடமை.

6. தடையின்மைச் சான்றைத் தாளோடு முடிக்காதீர்கள். மண்டபம், மருத்துவமனை, ஜவுளிக்கடை, பயிற்சி மையம் எல்லாவற்றையும் சொல்லாமல் போய்ப் பாருங்கள். அவசர வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் அன்றே அகற்ற வைக்க வேண்டும். ஆய்வுக்கென்றே தனி ஆட்கள் இல்லாத நிலையத்தில் இந்த வேலை எப்போதும் நாளைக்குத் தள்ளிப்போகும்.

7. வழியை நாமே அடைக்கக்கூடாது. தெருமுனையில் தாழ்ந்த அலங்கார வளைவு, நினைத்த இடத்தில் வேகத்தடை, இரண்டு பக்கமும் கார், விழாவுக்குத் தெருவை மறைக்கும் பந்தல் எல்லாம் நிமிடங்களைத் தின்கின்றன. தஞ்சாவூர் சாலையில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை கேட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். கடைக்குப் போக மட்டுமல்ல, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நெரிசலைத் தாண்டவும் அந்தச் சாலை வேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. 1944-ல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர் கொடுத்த வீரர்களின் நினைவு அது. அந்த வாரத்தில் ஒத்திகை பார்ப்பதோடு நிற்காமல், குடியிருப்போர் நலச் சங்கங்கள் வார்டு பகுதி சபாவில் மூன்று கேள்வி கேட்கட்டும். எங்கள் தெருவுக்கு வண்டி எத்தனை நிமிடத்தில் வரும்? நிலையத்தில் எத்தனை பணியிடம் காலி? அடுத்த நிலையத்துக்கு எந்த இடத்தை ஒதுக்கியிருக்கிறீர்கள்? பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். அடுத்த ஆண்டு அதே தாளை எடுத்துக்கொண்டு போய், எது முடிந்தது, எது முடியவில்லை என்று கேளுங்கள்.