கேட்காத ஏழையைத் தேடிச் செல்வோம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

2015ஆம் ஆண்டு ஐ.நா. சபையில் உலக நாடுகள் கூடி நிலையான வளர்ச்சிக்கென்று 17 இலக்குகளை வகுத்தன. அதில் முதல் இலக்கு, 2030க்குள் வறுமையை ஒழிப்பது. 1990க்குப் பிறகு நூறு கோடிக்கும் அதிகமானோர் கொடிய வறுமையிலிருந்து மீண்டிருக்கிறார்கள். ஆனால் 2020இல் கொரோனா வந்தபோது, பல ஆண்டுகளாகக் குறைந்து வந்த வறுமை மீண்டும் ஏறியது.

நம் மாநிலத்தைப் பாருங்கள். 2023இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் வறுமை 4.76 சதவீதத்திலிருந்து 2.20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அந்த 2.20 சதவீதம் என்பது பதினைந்து லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள். அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் 2024 பட்ஜெட்டில் தமிழக அரசு, நம் திருச்சியோடு தொடர்புடைய தாயுமானவர் பெயரில் ஒரு திட்டம் அறிவித்தது. மிகவும் ஏழ்மையான ஐந்து லட்சம் குடும்பங்களைக் கண்டறிந்து கைதூக்கி விடுவது அதன் நோக்கம்.

யார் மிஸ்கீன்?

ஊரில் பத்தில் ஐந்து பேர் ஏழையாக இருந்தால் யாரும் தேட வேண்டியதில்லை. நூற்றில் இரண்டு பேர் என்றால் தேடித்தான் ஆக வேண்டும். ஒரு கவளம், இரண்டு கவளத்துக்காக வீடு வீடாக அலைபவர் மிஸ்கீன் அல்லர். தேவைக்குப் போதுமானது இல்லாமலும், பிறர் அறிந்து உதவும்படி வெளியே தெரியாமலும், யாரிடமும் கேட்காமலும் இருப்பவரே மிஸ்கீன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள் (புகாரி, முஸ்லிம்). அவர்களின் தன்மானத்தைப் பார்த்து, விவரம் அறியாதவர் அவர்களைச் செல்வந்தர் என்றே எண்ணுவார் என அல்பகரா 273ஆம் வசனமும் உணர்த்துகிறது.

நம் திருவெறும்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் பெல் ஆலை வந்தது. அதை நம்பி துவாக்குடி வரை நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எழுந்தன. நிலக்கரி அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்தபோது பல பட்டறைகளில் ஷட்டர் இறங்கியது. வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் வேலை போனது. உலகம் சூரிய மின்சாரத்துக்கு மாறுவது நல்லதுதான். ஆனால் மாற்றத்தின் சுமையை இப்படிப்பட்ட குடும்பங்கள் மட்டும் சுமக்கக் கூடாது.

அப்படி ஒரு வீட்டில் பைக் இருக்கும், டிவி இருக்கும், வங்கிக் கணக்கும் இருக்கும். எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் ஏழை இல்லை. ஆனால் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் பாக்கி. மனைவி வாங்கிய குழுக் கடனுக்கு வாரம் தவறாமல் வட்டியோடு தவணை. வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டையோடு நம் பக்கத்து ஸஃப்பில் நிற்கிறார். நமக்குத் தெரிவதில்லை.

எழுந்து நிற்க வைக்கும் உதவி

உதவி கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டிலிருந்த விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் ஏலம் விட்டார்கள். கிடைத்த இரண்டு திர்ஹத்தில் ஒன்றுக்குக் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. அவர் விறகு வெட்டி விற்று, சில நாட்களில் பத்து திர்ஹங்களோடு திரும்பி வந்தார் (அபூதாவூத்). நிலையான வளர்ச்சி என்று இன்று பேசப்படுவதன் வேர் இதில் இருக்கிறது. தொழில் தெரிந்தவருக்கு அவர் தொழிலுக்குரிய கருவியையோ முதலையோ ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள்.

நாமோ ரமலானில் நூறு பேருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்கிறோம். அடுத்த ரமலானில் அதே நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஐம்பதாயிரத்தில் ஒரு வெல்டிங் மெஷினும் ஒரு தையல் மெஷினும் வாங்கிக் கொடுத்திருந்தால், இரண்டு குடும்பங்கள் வரிசையை விட்டு வெளியேறியிருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

ஒன்று, தெருவுக்கு இருவர் பொறுப்பேற்று, பெயர் வெளியே வராமல் தேவையுள்ள வீடுகளை அறிய வேண்டும். பெண்கள் மட்டும் உள்ள வீடுகளுக்குப் பெண்களே செல்லட்டும்.

இரண்டு, ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான் (அத்தவ்பா 60). கடனில் மூழ்கியவரை பைத்துல்மால் மூலம் மீட்போம். மற்றவருக்கு வட்டியில்லா அழகிய கடன் கொடுப்போம்.

மூன்று, விதவை உதவித்தொகை போன்ற அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்கத் தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் எழுதிக் கொடுக்கட்டும். மாவட்டத்தில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருப்பதையும் எடுத்துச் சொல்லட்டும்.

பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிரம்ப உண்பவர் முஃமினாக மாட்டார் என்பது நபிகளாரின் எச்சரிக்கை. அந்த பக்கத்து வீட்டார் எந்த மதத்தவராக இருந்தாலும் நம் ஸதகாவில் அவருக்குப் பங்குண்டு.

2030 உலக நாடுகள் வைத்த கெடு. நம் கெடு எப்போது முடியும் என்பது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும். அதற்குள் நம் தெருவின் கடைசி வீட்டையும் அறிந்து உதவும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.