வாசலில் ஒரு வழிபாடு

நுழையும்முன்

போர் முடிந்தபின் மாவீரர்க்கு நினைவுச்சின்னங்கள் எழுகின்றன. மாண்டவர் அனைவர்க்கும் எழுவதில்லை. அவ்வாறு விடுபட்டோரை வியட்நாம் மக்கள் தம் வழிபாட்டின்வழி எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

போரும் இழப்பும்

வியட்நாமில் நெடுங்காலம் நீடித்த போர் 1975 ஏப்ரல் 30 அன்று முடிவுக்கு வந்தது. எனினும், இறந்தோரைப் பற்றிய கவலை முடியவில்லை. எண்ணற்ற வீரர்களின் உடல்கள் இன்றுவரை கண்டறியப்படவில்லை. படைக்கலம் ஏந்தாதோரும் பெருந்திரளாக மடிந்தனர். 1968 மார்ச் 16 அன்று மை லாய் என்னும் ஊரில் அமெரிக்கப் படையினர் பொதுமக்களைக் கொன்று குவித்தனர். அங்குள்ள நினைவிடம் மாண்டோர் தொகையை 504 எனக் குறிக்கிறது. அதற்குச் சில வாரங்கள் முன்னர், ஹா மி என்னும் சிற்றூரில் தென்கொரியப் படையினர் 135 பேரைக் கொன்றனர்.

இருவகைச் சாவு

வியட்நாமியர் மரபில் இறப்பு இருவகைப்படும். முதுமையுற்று, சுற்றம் சூழ இறப்பது 'வீட்டுச் சாவு'. வன்முறையால், உரிய சடங்கின்றி வெளியிடத்தில் இறப்பது 'தெருச் சாவு'. முன்னவர் முன்னோராகி வீட்டினுள் வணங்கப்படுவர். பின்னவர் ஆவிகளாய் அலைவர் என்பது மக்களின் நம்பிக்கை. போர் இவ்வொழுங்கைக் குலைத்தது. மக்கள் பெற்றோர்க்குச் செய்யவேண்டிய இறுதிக்கடனைப் பெற்றோர் மக்களுக்குச் செய்தனர். படுகொலை நிகழ்ந்த ஊர்களில் சொந்த முற்றமே 'தெரு' ஆயிற்று.

மறைக்கப்பட்ட படம்

அரசு தன் பக்கம் நின்று மாண்டோரைத் தியாகிகள் எனப் போற்றிக் கல்லறைத் தோட்டங்கள் அமைத்தது. எதிரணியில் மாண்ட தென்வியட்நாம் வீரர்க்கு அச்சிறப்பு வாய்க்கவில்லை. ஒரே தாயின் மக்கள் இருவேறு படைகளில் நின்று மடிந்ததும் உண்டு. அத்தகைய தாய், ஒருவன் படத்தை வழிபாட்டு மாடத்தில் வைத்தாள். மற்றவன் படத்தை மறைத்து வைத்தாள்.

எல்லார்க்கும் படையல்

இவ்வழிபாட்டை ஆராய்ந்த மானிடவியல் அறிஞர் ஹியோனிக் குவோன், 'வியட்நாமில் போரின் ஆவிகள்' என்னும் பொருள்படும் நூலை 2008இல் வெளியிட்டார். மக்கள் முதலில் வீட்டினுள் முன்னோரை வணங்குகின்றனர். பின்னர் வெளியே திரும்பி, வாசல்புறத்தில் அலையும் ஆவிகளுக்கு ஊதுவத்தி ஏற்றுகின்றனர். ஏழாம் சந்திர மாதத்து முழுநிலா நாளில் அவற்றுக்குக் கஞ்சி படைத்து, காகிதப் பணத்தை எரிக்கின்றனர். பெயரறியா அவ்வாவிகளை 'அத்தை, பெரியப்பா' என்னும் பொருள்தரும் உறவுமுறையால் அழைப்பர். இறந்தவர் எந்நாட்டவர், எப்படையினர் என்று எவரும் வினவுவதில்லை. அயல்நாட்டு வீரரின் ஆவிக்கும் அங்கே இடமுண்டு.

1986இல் தொடங்கிய சீர்திருத்தங்களுக்குப் பின்னர் இச்சடங்குகள் மீண்டும் வெளிப்படையாக நிகழலாயின. மறைத்து வைத்த படம், உடன்பிறந்தவன் படத்தருகே மாடம் ஏறியது.

ஆவிகள் உண்டா என்று தீர்ப்பளிப்பது மானிடவியலின் பணியன்று. அந்நம்பிக்கையின்வழி மக்கள் எதை நிறைவேற்றுகின்றனர் என்பதை அது காண்கிறது. போர் பகைவர் எனப் பிரித்தவர்களை அவ்வாசற்படையல் மீண்டும் உறவினர் ஆக்கியது.

கற்பவை கற்றபின்

போரில் மாண்டோரை அரசு நினைவுகூரும் முறையையும் குடும்பம் நினைவுகூரும் முறையையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.